அணியத்தில் ஒரு பெயர்

தூத்துக்குடி
4-9-1978

அன்புள்ள சங்கரி,

கண்ணில் மஞ்சள் குறைந்திருக்கிறதா? உன் அப்பா உன்னை ஏரல் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போன அன்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கயிறு நல்ல கயிறா வாங்கு, தென்னங்கயிறு வேண்டாம்" என்று கத்தினாயே, அதைச் சொல்லிச் சொல்லி ஹாஸ்டலில் சிரிக்கிறார்கள். காமாலையில் படுக்கப் போகிறவள் பேசுகிற பேச்சா அது?

படம் கட்டக் கயிறு வாங்கிவிட்டேன். கிருபை மிஸ் பெரிய ஹாலையே கேட்டு வாங்கிவிட்டார்கள். இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை கண்காட்சி திறப்பு, பத்து நாள். 'நம் கரை, நம் மக்கள்' என்று துணியில் எழுதக் கொடுத்தாகிவிட்டது. அரசியல் மட்டும் வேண்டாம் என்று பிரின்சிபால் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். படம் மாட்டுவதற்கு மூங்கில் தட்டி கட்டி, மேலே சாக்கு சுற்றியிருக்கிறோம். எல்லாம் உப்பு மூட்டைச் சாக்கு. ஹால் முழுக்க உப்பளத்து வாசனை.

ஜீவமணி கரியில் வரைந்த படங்களை அவரே கொண்டுவந்து தந்தார். உப்பு வாருகிற பெண்களின் முகம் ஒவ்வொன்றிலும் கண் மட்டும் இடுங்கிக் கிடக்கிறது. உங்கள் பக்கத்து டிராயிங் மாஸ்டர் மந்திரமூர்த்தியின் படங்களும் பஸ்ஸில் வந்து சேர்ந்தன.

ஒரு விஷயம். அம்புரோஸ் அண்ணன் படத்தை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். கதவளவு ப்ளைவுட் பலகை. கடற்கரையிலிருந்து கொண்டுவரத் தனியாக வண்டி பிடிக்க வேண்டும். ஒரே கறுப்பாக வேறு இருக்கிறது. மற்ற படங்களே நிறைய வந்துவிட்டன. நீ என்ன சொல்கிறாய்?

மருந்தை ஒழுங்காகக் குடி.

உன்
கிளாடிஸ்


வடிவம்மன்நல்லூர், ஏரல் வழி
7-9-1978

அன்புள்ள கிளாடிஸ்,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் காலையில் தருகிறார்கள். பிறகு நாள் முழுக்க உப்பில்லாத கஞ்சி. உப்பளத்துப் படங்களைத் தேடி வெயிலில் அலைந்தவளுக்கு இந்த வீட்டில் ஒரு கல் உப்பு கண்ணில் காட்டமாட்டேன் என்கிறார்கள்.

ஹால் கிடைத்ததும் சாக்கு சுற்றியதும் சந்தோஷம். அம்புரோஸ் அண்ணன் படம் பற்றி நீ எழுதியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தக் கண்காட்சி எப்படித் தொடங்கியது என்பது உனக்கு மறந்துவிட்டதா? ஜூன் மாதம் நம் மன்றத்துக்குப் பெயர்ப்பலகை எழுதக் கொடுக்க நான் அவர் வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் அந்தப் பலகை சாய்ந்திருந்தது. ஒரு சின்ன வள்ளம், அறுந்த வலை, தண்ணீருக்குள் ஒரு மனிதன், அவனுக்கு மேலே சுவர் போல எழும்பி நிற்கிற ஒரு மோட்டார் லாஞ்சு. பாதிதான் முடிந்திருந்தது. ஆனாலும் என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. அவர் மச்சினன் ரோச் போன மாசியில் செத்த கதையை அன்றைக்குத்தான் சொன்னார். விடியும் முன்னால் இவர்கள் வலை விட்டிருந்த இடத்தில் ஒரு லாஞ்சு புகுந்து வலையை இழுத்துக்கொண்டு ஓடியதும், வலையைக் காப்பாற்றக் குதித்த ரோச் அதிலேயே சிக்கிப் போனதும், இவர் போலீஸில் சொல்லியும் யாரும் எழுதிக்கொள்ளாததும். 'குடித்துவிட்டுக் கடலில் விழுந்தான்' என்றுதானே இன்றுவரை ஊர் பேசுகிறது?

அன்று சாயங்காலம் லைப்ரரி படியில் உட்கார்ந்து இதை உன்னிடம் சொன்னபோது, "இப்படி வரைகிறவர்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தால் என்ன?" என்று கேட்டது நீ.

பலகை பெரிது என்பது காரணமா? காரணத்தை எழுது.

சங்கரம்மாள்


தூத்துக்குடி
11-9-1978

அன்புள்ள சங்கரி,

இல்லை. பலகை பெரிது என்பது காரணம் இல்லை.

நீ பார்த்தபோது லாஞ்சின் அணியம், அதுதான் கடலைக் கிழித்துக்கொண்டு போகிற முன்பக்கம், வெறும் கறுப்பாக இருந்தது. இப்போது அங்கே பச்சை அடித்திருக்கிறார். பச்சைக்கு மேல் மஞ்சள் பட்டை. பட்டைக்கு மேல் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர். வளைவில் கடைசி எழுத்து மறைந்து 'கிளாடி' வரை தெரிகிறது.

அது எங்கள் லாஞ்சு. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய வருஷம் அப்பா கட்டியது. முதல் முதலாகக் கடலில் இறக்கிய அன்று மாதா கோயில் சாமியார் மந்திரிக்க, நான் மாலை போட்டேன். அந்தப் பெயரை எழுதியதும் இதே அம்புரோஸ் அண்ணன்தான். பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதக் கடைசியில் படத்தைப் பார்க்க நான் தனியாகத்தான் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"ஏன் பிள்ள நிக்க? உள்ள வா" என்றார்.

"அண்ணே, இது எங்க லாஞ்சா?"

"பேரு வாசிக்கத் தெரியும்லா."

"இருட்டுல எப்படித் தெரிஞ்சுது?"

"எங்க வள்ளத்துல அரிக்கேன் எரிஞ்சுது. அது மேல ஏறி வாறப்ப கை எட்டுத தூரம். நான் எழுதுன எழுத்து எனக்குத் தெரியாதா?"

"அப்பமே பேரச் சொல்லியிருக்கலாம்லா?"

அவர் தூரிகையை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டே இருந்தார். "லாஞ்சுன்னுதான் சொன்னேன். பேரச் சொல்லல. இந்தக் கரையில கெடக்க அம்புட்டு லாஞ்சுக்கும் நாந்தான் பெயிண்டு அடிக்கேன். எம் பொண்டாட்டி அவன்கூடப் பொறந்தவ. ரெண்டுக்கும் நடுவுல நான் எங்கன போக? வாயால சொல்ல முடியல. கை சொல்லிட்டு" என்றார். நான் திரும்பும்போது, "படம் வேணும்னா பேரோட எடுத்துட்டுப் போ. அழிச்சிட்டுத் தரமாட்டேன். வேண்டாம்னா இங்கனயே கெடக்கட்டும்" என்றும் சொன்னார்.

ரோச் அண்ணன் செத்த வாரம் எங்கள் லாஞ்சு வேலைக்காகக் கரையில் கிடந்தது, கடலுக்கே போகவில்லை என்று அப்பா அப்போது வீட்டில் சொன்னார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அதை நம்புகிறேன். இருட்டு, அலை, பயம். அம்புரோஸ் அண்ணனுக்குத் தப்பாகத் தெரிந்திருக்கலாம் இல்லையா?

இதைக் கிருபை மிஸ்ஸிடம்கூட நான் சொல்லவில்லை. நீயும் யாரிடமும் சொல்லாதே.

கிளாடிஸ்


வடிவம்மன்நல்லூர்
13-9-1978

கிளாடிஸ்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உனக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் வருத்தம் வேறு, நியாயம் வேறு.

பெயர் வேறு யாருடையதாவது இருந்திருந்தால் அந்தப் பலகையை நீ எங்கே வைத்திருப்பாய்? வாசலுக்கு நேராக வைத்திருப்பாய். ஹாலுக்குள் நுழைகிறவன் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்று என்னோடு சண்டை போட்டிருப்பாய். உன் பெயர் என்பதால் பலகை பெரிதாகிவிட்டது, கறுப்பாகிவிட்டது, வண்டி கிடைக்காமல் போய்விட்டது.

அப்பா சொன்னதை நம்புகிறாய் என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறவள் அவரிடமே கேட்கலாமே. ஏன் கேட்கவில்லை? பதில் தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

உப்பளத்துப் பெண்களின் கண்ணைக் காட்டி எல்லோரும் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போவதற்கா நாம் இவ்வளவு அலைந்தோம்? நம்மைச் சுடாத படங்களை மட்டும் மாட்டுவதானால் அதற்குக் கண்காட்சி வேண்டாம், காலண்டர் போதும்.

அந்தப் படம் இல்லாமல் திறப்பதானால் பொறுப்பாளர் பட்டியலில் என் பெயரை அடித்துவிடு.

சங்கரம்மாள்


தூத்துக்குடி
15-9-1978

சங்கரம்மாளுக்கு,

உன் பெயரை அடிக்கவில்லை. அடிப்பதற்கு முன் ஒரு கேள்வி.

மந்திரமூர்த்தி மாஸ்டரின் வாட்டர் கலர் படங்களில் ஒன்றை நீ ஊருக்குப் போவதற்கு முன்பே, ஜூலையில் அவர் முதலில் கொண்டுவந்து காட்டியபோதே, 'வேண்டாதவை' என்று தனியாகக் கட்டி அலமாரிக்கு மேல் போட்டுவிட்டாய். 'கை சரியாக வரையப்படவில்லை' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்திருக்கிறாய். நேற்று அதை இறக்கிப் பார்த்தேன். ஒரு வீட்டு வாசல். வாசலுக்கு வெளியே ஒரு பெண் குனிந்து இரண்டு கையையும் குவித்து நிற்கிறாள். உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் நீண்டு, மேலே தூக்கிப் பிடித்த செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறது, செம்பு அவள் மேல் பட்டுவிடாதபடி.

இரண்டு பக்கமும் கல்தூண். நடுவில் நீலக் கதவு. கதவில் பித்தளை மயில்.

பொங்கல் லீவுக்கு உன் வீட்டுக்கு வந்தபோது நான் அந்த மயிலைப் பிடித்துக்கொண்டு நிற்க, நீ போட்டோ எடுத்தாய்.

அந்தப் பெண்ணின் கை நன்றாகத்தான் வரைந்திருக்கிறது, சங்கரி. தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகுவதுகூடத் தெரிகிறது.

நம்மைச் சுடாத படங்கள் பற்றி எனக்கு எழுதியவள் நீ. இனி நீ எழுத வேண்டாம். கண்காட்சியை எப்படியாவது நடத்திக்கொள்கிறேன்.

கிளாடிஸ்


வடிவம்மன்நல்லூர்
25-9-1978

அன்புள்ள கிளாடிஸ்,

எழுத வேண்டாம் என்றாய். இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். முதலில் கோபத்தால். பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல்.

அது எங்கள் வாசல்தான்.

நான் வேண்டுமென்று மறைத்தேன் என்று நீ நினைத்திருப்பாய். அந்தப் படத்தைப் பார்த்ததும் உண்மையிலேயே கை சரியில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. மனசு எப்படியெல்லாம் வேலை செய்கிறது, பார். உனக்குப் பலகை பெரிதாகத் தெரிந்தது போல.

என் கட்டில் ஜன்னலோரம் கிடக்கிறது. ஜன்னலுக்கு நேரே அந்த வாசல். தினமும் காலையில் கீழத்தெரு மாடத்தி வயல் வரப்பில் கீழாநெல்லி பறித்துக்கொண்டு வருகிறாள். எங்கள் தொழுவத்தில் சாணி அள்ளுகிறவள். வாசல் படியில் தழையை வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்கிறாள். அம்மா போய் அதன்மேல் தண்ணீர் தெளித்துவிட்டு எடுத்து வருகிறாள். அதைத்தான் அரைத்து நான் குடிக்கிறேன். என் கண் வெளுத்துக்கொண்டு வருவது அதனால்தான். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. உன் கடிதம் வந்த பிறகுதான் பார்த்தேன்.

உனக்கு நான் எழுதியது தவறில்லை. எழுதிய தோரணைதான் தவறு. கட்டிலில் படுத்துக்கொண்டு அப்பாவிடம் கேள் என்று உனக்குக் கட்டளை போட்டேன். என் அப்பா தினமும் இரண்டு வேளை என் கட்டிலருகே உட்கார்ந்து நாடி பிடித்துப் பார்க்கிறார். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அம்புரோஸ் அண்ணன் படத்தைப் பற்றி நீ என்ன முடிவு செய்தாலும் சரி. ஒரு வரி எழுது, போதும்.

சங்கரி


தூத்துக்குடி
27-9-1978

அன்புள்ள சங்கரி,

ஒரு வரி போதாது.

அப்பாவிடம் கேட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடலுக்குப் போகாத நாள். சாப்பிட்டுவிட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, ரோச் அண்ணன் செத்த அன்னைக்கு நம்ம லாஞ்சு கடலுக்குப் போச்சா?"

ரேடியோவை அணைத்தார். "யாரு சொன்னா?"

"அம்புரோஸ் அண்ணன் படம் வரைஞ்சிருக்காவ. அதுல என் பேரு இருக்கு."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருவிரல் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"டிரைவருக்குக் காய்ச்சல். நாந்தான் ஓட்டுனேன். கரையோரமா றால் கெடக்குன்னு சொன்னாவ. அங்கன இழுக்கக் கூடாதுன்னு தெரியும். வெளுக்குமுன்ன ஒரு இழுப்பு இழுத்துட்டு வந்துருவோம்னு போனேன். திடீர்னு பின்னால பாரம் தட்டுச்சு. எவன் வலையோ மாட்டிருக்குன்னு தெரிஞ்சுது. சத்தம் போட்டாவ. வள்ளக்காரன் சத்தம் போடத்தான செய்வான், நின்னா அடிதடியாயிரும்னு வேகத்தக் கூட்டுனேன். ஆளு மாட்டுனது தெரியாது பிள்ள. மாதா அறிய தெரியாது."

"எப்பம் தெரிஞ்சுது?"

"கோயில்ல துக்க மணி அடிக்கையில."

"குடிச்சிருந்தாவன்னு யாருப்பா சொன்னது?"

"நான் சொல்லல."

"இல்லன்னு சொன்னியளா?"

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. அவள் வெளியே வரவில்லை. அவளுக்கு முன்பே தெரியும், சங்கரி. எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

மறுநாள் நான் ரோச் அண்ணனின் மனைவி மரியசெல்வி அக்காவைப் பார்க்கப் போனேன். றால் கம்பெனியில் தோல் உரிக்கப் போகிறார்கள். ஐஸில் கிடந்து விரலெல்லாம் வெளுத்திருக்கிறது. வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். அப்பா பெயரைச் சொல்லி, சிலுவை மகள் என்றதும் பாய் எடுத்துப் போட்டார்கள். லாஞ்சின் பெயரை அம்புரோஸ் அண்ணன் அவர்களிடமும் சொல்லியிருக்கவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா, அது எங்க லாஞ்சுதான்" என்றேன்.

சீப்பு நின்றது. மகளை உள்ளே போகச் சொன்னார்கள். என்னைத் திட்டுவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று நினைத்தேன். சீப்பில் சிக்கிய முடியை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்கள்: "அவிய குடிக்கமாட்டாவன்னு அடிச்சுச் சொன்னேன். பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவான்னாவ. கம்பெனியில, கொழாயடியில, எல்லா எடத்துலயும் அதே பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கே ஒரு சந்தேகம் வந்துட்டு. குளிருக்கு ஒரு வாய் ஊத்தியிருப்பாவளோன்னு. கல்லறைக்குப் போயி, 'ஏன் குடிச்சிய, ஏன் குடிச்சிய'ன்னு அவியளயே கேட்டேன் மக்கா. செத்தவர நானும் நம்பல."

அதற்குப் பிறகுதான் அழுதார்கள்.

படத்தை மாட்டட்டுமா என்று கேட்டேன். "மாட்டு. நான் வந்து பாக்க மாட்டேன்" என்றார்கள்.

கிருபை மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். "பிரின்சிபாலிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ தாங்குவாயா?" என்று மட்டும் கேட்டார்கள். தெரியாது என்றேன்.

இன்று மாலை பலகையைக் கைவண்டியில் கொண்டுவந்து, வாசலுக்கு நேராக வைத்திருக்கிறோம். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் என்னோடு பேசுவதில்லை.

கிளாடிஸ்


வடிவம்மன்நல்லூர்
29-9-1978

அன்புள்ள கிளாடிஸ்,

இன்று காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்திருப்பீர்கள். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. இரவு தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். நீ மரியசெல்வி அக்கா வாசலில் போய் நின்றாய் அல்லவா, நானாக இருந்தால் தெருமுனையோடு திரும்பியிருப்பேன்.

இன்று ஒன்று செய்தேன். மாடத்தி தழையோடு வந்தபோது மெல்ல எழுந்து வாசலுக்குப் போனேன். படியில் வைக்கவிடாமல் அவள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டேன். அவள் முகம் மலர்ந்தது என்று எழுத எனக்கும் ஆசை. அவள் பயந்துபோய்க் கையை உதறிக்கொண்டாள். "என்ன தாயி இது, அம்மா பாத்தா என்னைய ஏசுவாவ" என்றாள். பின்னால் அம்மா செம்போடு நின்றிருந்தாள்.

மந்திரமூர்த்தி மாஸ்டரின் அந்தப் படத்தையும் மாட்டிவிடு. நீயே முடிவு செய் என்று உன் தலையில் போடமாட்டேன். நான் சொல்கிறேன், மாட்டு. என் பென்சில் எழுத்தை அழித்துவிடு. கீழே ஊர்ப் பெயரையும் எழுது.

சங்கரி


தூத்துக்குடி
3-10-1978

அன்புள்ள சங்கரி,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. அன்றே மாட்டிவிட்டேன். உங்கள் ஊர் பஞ்சாயத்துக்காரர் மகன் ஒருவன் இங்கே படிக்கிறானாமே, அவன் அதன் முன்னால் வெகுநேரம் நின்றான். "இது யாரு வீடுன்னு எனக்குத் தெரியும்" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொல்லிவிட்டுப் போனான். ஊரில் சொல்லாமல் இருக்கமாட்டான். தயாராக இரு.

இங்கே நடந்ததை எழுதுகிறேன்.

திறப்பன்று கூட்டம் அதிகம் இல்லை. மறுநாள் கடற்கரைச் சனம் முழுக்க வந்துவிட்டது. கல்லூரிக்குள் கால் வைத்தறியாத வள்ளக்காரர்கள் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, கோயிலுக்குள் வருவது போல வந்தார்கள். பலகைக்கு முன்னால் வந்ததும் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். லாஞ்சுக்காரர்கள் நாலு பேர் கிருபை மிஸ்ஸிடம் வந்து சத்தம் போட்டார்கள். "பொம்பளப் பிள்ளையள வச்சு எங்களக் கொலகாரனாக்குதியளா?" என்றார்கள். நான் முன்னால் போய், "அதுல இருக்கது என் பேருதான், மாமா. உங்க பேரு இல்ல" என்றேன். அவர்கள் போய்விட்டார்கள். பிரின்சிபால் எல்லாவற்றையும் மாடி வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தை எடு என்று சொல்லவில்லை.

அம்புரோஸ் அண்ணன் வேப்பமரத்தடியோடு நின்றுகொண்டார். உள்ளே வரவே இல்லை. இப்போது அவரை ஒரு லாஞ்சுக்காரரும் கூப்பிடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. நானும் அம்மாவும் படியில் இறங்கினோம். அப்பா எங்களோடு வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கோயில் வாசலில் மேல்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க" என்றார். அப்பா கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. கடல் இரைச்சலில் கத்திப் பழகிய குரல். எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"ரோச் குடிச்சிருக்கல. அவன் வலையில ஏறுனது என் லாஞ்சு. ஓட்டுனது நானு. சத்தம் கேட்டும் நிக்காம ஓடிட்டேன். குடிச்சு விழுந்தான்னு ஊரு சொல்லுதப்ப நான் வாய மூடிட்டு இருந்தேன். அவ்வளவுதான்."

மரியசெல்வி அக்கா பெண்கள் பக்கம் நின்றிருந்தார்கள். அப்பா இறங்கி அவர்கள் முன்னால் போய் நின்றார். கை கூப்பினாரா, தொங்கப்போட்டாரா, எனக்கு ஞாபகமில்லை.

அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "இத அன்னைக்கே சொல்லியிருந்தா, சுத்தமான மனுசனா அவியளப் பொதைச்சிருப்பேன், அண்ணாச்சி" என்றார்கள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

நேற்று அப்பா சாமியாரைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டார்கள். மறுபடி கூப்பிடுவோம் என்றார்களாம். என்ன ஆகும் என்று தெரியவில்லை. லாஞ்சு கரையில் கட்டிக் கிடக்கிறது. வேலையாட்கள் வேறு லாஞ்சுக்குப் போய்விட்டார்கள். அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அப்பாதான் இன்று காலை, "காப்பி குடிச்சியா?" என்று கேட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்ட முதல் பேச்சு. குடிச்சேன்ப்பா என்றேன்.

செய்தது சரிதானா என்று என்னைக் கேட்காதே. சரிதான். ஆனால் சாயங்காலம் நேரே வீட்டுக்குப் போகாமல் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலையோடு கண்காட்சி முடிகிறது. அதற்குள் உன்னால் வர முடியுமா?

கிளாடிஸ்


வடிவம்மன்நல்லூர்
5-10-1978

அன்புள்ள கிளாடிஸ்,

நீ சொன்னபடியே செய்தி இங்கே உன் கடிதத்துக்கு முன்னால் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை அப்பா வந்து கட்டிலருகே நின்றார். உட்காரவில்லை. நாடி பார்க்கவில்லை.

"நம்ம வாசல எவனோ ஒரு வாத்தி வரைஞ்சு தொங்கவிட்டிருக்கானாமே?"

"ஆமாப்பா."

"உனக்குத் தெரியுமா?"

"நாந்தான் மாட்டச் சொன்னேன்."

"எடுக்கச் சொல்லி எழுது."

"மாட்டேன்ப்பா."

என் வாயிலிருந்தா அது வந்தது என்று எனக்கே திகைப்பு. அவர் சத்தம் போடவில்லை. "படிச்சது போதும்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து என் பக்கம் வருவதில்லை. உன் அப்பாவைப் போல இவரும் ஒருநாள் வாசலில் நின்று நாலு பேரறியப் பேசுவார் என்று எழுத ஆசைதான். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

மாடத்தியைத் தொழுவ வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் அவள் கையிலிருந்து வாங்கினேன், வேலை அவளுக்குப் போயிற்று. இப்படித்தான் முடியும் என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

இன்று மத்தியானம் வீட்டில் எல்லோரும் தூங்கும்போது கீழத்தெருவுக்குப் போனேன். இருபது வயதில் முதல் தடவை. மாடத்தி வீட்டு முன்னால் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"இங்கன ஏன் தாயி வந்திய? சீக்கு ஒடம்போட. போயிருங்க."

"என்னாலதான உனக்கு வேல போச்சு" என்றேன்.

"போச்சு. அதுக்கு இப்ப என்ன செய்ய?" என்று மறுபடி உட்கார்ந்து சுள்ளியை ஒடித்தாள். கோபமாகத்தான் இருந்தாள். கோபப்படட்டும் என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலை நிமிராமல் கேட்டாள்: "படம் போட்டிருக்காவளாமே. அதுல தண்ணி குடிக்கது யாரு? நானா?"

"எனக்குச் சரியாத் தெரியல. முகம் குனிஞ்சிருக்கு."

"காதுல தண்டட்டி கெடக்கா?"

"ஆமா. ஒரு காதுல மட்டும்."

மாடத்தி தன் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்தக் காது அறுந்து தொங்குகிறது. இத்தனை வருஷத்தில் அதையும் நான் கவனித்ததில்லை.

"இதெல்லாம் ஒரு மனுசன் உக்காந்து பாத்து வரைஞ்சிருக்கானே" என்றாள். சிரிக்கவில்லை. பிறகு கையிலிருந்த சுள்ளியைக் கீழே போட்டாள். "எந்த பஸ்ஸு போவுது தூத்துக்குடிக்கு?"

"மொத பஸ்ஸு. ஏரலுக்கு நடந்து போய் ஏறணும்."

"வேலதான் போயிட்டு. அதையாவது போய்ப் பாத்துட்டு வாறேன். உங்க காலேசுக்குள்ள என்னைய விடுவாவளா?"

விடுவார்கள் என்று சொல்லிவிட்டேன், கிளாடிஸ். நீதான் கேட்டில் வந்து நிற்க வேண்டும். சனிக்கிழமை. வீட்டில் நான் இன்னும் சொல்லவில்லை. கிளம்பும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன், ஒளிந்து வரமாட்டேன். திரும்பி வந்தால் இந்தக் கதவு திறக்குமா என்று தெரியாது. நடக்கத் தெம்பு இருக்கிறதா என்று நேற்று முற்றத்தில் நடந்து பார்த்தேன். இருக்கிறது.

நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம்.

சங்கரி